காண்பன

பால் தீய்ந்த வாசனை வந்தது. திலகவதி கையிலிருந்த சோதனைக்குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு அப்படியே நின்றாள். வேதியியல் ஆய்வகத்தில் ஏது பால்? எதிரே ப்ளஸ் டூ பெண்கள், தொளதொளவென்ற வெள்ளைக் கோட்டுக்குள் புகுந்துகொண்டு, ஆளுக்கொரு பொட்டலம் உப்பைப் பிரித்து வைத்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கிற பாவனையில் இருந்தார்கள். மேசையில் அமிலம் இருக்கிறது, அம்மோனியா இருக்கிறது, தொட்டியில் முந்தைய வகுப்புக்காரிகள் கொட்டிவிட்டுப் போன என்னென்னவோ இருக்கிறது. பால் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, யாராவது ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் திலகவதிக்கு வாசனையே தெரியாது. முந்தின வருஷத்துக்கும் முந்தின வருஷம் வந்த காய்ச்சலோடு போன மூக்கு இன்னும் திரும்பவில்லை. மல்லிகைப்பூவும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றுதான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேதியியல் டீச்சருக்கு மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு மாதத்துக்குத் தீனி, அப்புறம் ஆய்வகச் சாவியை இளையவள் யாரிடமாவது கொடுத்துவிட்டு அவளை ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். கணவரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேறு. முதல் மாதம் சரியாகிவிடும் என்று நினைத்தாள், அடுத்த மாதம் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று நினைத்தாள், அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்பதே சொல்லாமலிருக்கக் காரணமாகிவிட்டது. அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்போது பால் தீய்கிறது, மூக்குக்குப் பக்கத்தில், பாத்திரத்தை யாரோ முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி.

மூக்கு செத்தவர்களுக்குச் சில சமயம் இல்லாத வாசனை வரும் என்று வார இதழ் ஒன்றின் டாக்டர் பக்கத்தில் படித்திருக்கிறாள். வரட்டும், ஆனால் ஏன் பால்? ரப்பர் எரிகிற வாசனை வரலாம், முடி கருகுகிற வாசனை வரலாம். உலகத்தில் இத்தனை வாசனை இருக்கும்போது தேடிப்பிடித்துப் பால் வருவானேன்? காலையில் பால் பொங்கியது. ஆமாம், பொங்கியது. அதை இதுவரை அவள் நினைக்கவேயில்லை. ஆட்டோக்காரன் கீழே ஹாரன் அடித்தான், டிபன் பாக்ஸ் மூடி கிடைக்கவில்லை, அதைத் தேடிக் குனிந்தபோது சுர்ரென்று சத்தம், நிமிர்ந்தால் பால் வழிந்து பர்னரை நனைத்து அடுப்புமேடை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. துணியை எடுத்தாள், துடைத்தாள், பாத்திரத்தை இறக்கினாள், ஓடினாள். தீ அணைந்திருந்தது. பால் வழிந்து தானாக அணைந்ததா, அவள் கேஸ் திருகை மூடி அணைத்தாளா? மூடினேன் என்று உடனே பதில் வந்தது. எந்தக் கையால் என்று கேட்டுப் பார்த்தாள். வலது கையில் துணி இருந்தது, இடது கையில் டிபன் மூடி இருந்தது. அப்படியானால் துணியை வைத்துவிட்டு மூடியிருப்பேன். துணியை எங்கே வைத்தேன்? துணி இப்போதும் கையிலேயே இருக்கிற மாதிரி விரல்கள் ஈரமாக இருந்தன, குனிந்து பார்த்தால் அது சோதனைக்குழாய் கழுவின தண்ணீர்.

“மிஸ், எனக்கு நுரைச்சுப் பொங்குது,” என்றாள் முன்வரிசையிலிருந்து ஒருத்தி, பொங்குகிற குழாயைப் பெருமையோடு தூக்கிப் பிடித்தபடி. நல்லது, கார்பனேட் என்று எழுது என்றாள் திலகவதி, அவள் வாய் அதுபாட்டுக்கு வேலை செய்யும். வேதிவினை நடந்தது என்று எதை வைத்துச் சொல்வாய் என்று வருஷா வருஷம் முதல் நாள் கேட்பாள். நிறம் மாறும், வாயு பொங்கும், தெளிந்த கரைசலில் வீழ்படிவு இறங்கும், குழாயைத் தொட்டால் சூடு தெரியும், வாசனை மாறும் என்று பெண்கள் பாட்டு மாதிரி சொல்வார்கள். இந்த இரண்டு வருஷமாக அந்தக் கடைசி அடையாளத்தைக் கேட்கும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இவையெல்லாம் தோன்றிவிட்டால் முடிந்தது, பழைய பொருள் இனி இல்லை, அதைத் திருப்பி வாங்க முடியாது. பனிக்கட்டி உருகினால் மறுபடி உறையவைக்கலாம், எரிந்த காகிதத்தை என்ன செய்வது? இதைச் சொல்லும்போது குரலில் ஒரு நாடகத்தனம் வரும், பெண்கள் ரசிப்பார்கள். வினை நடக்கும்போது எதுவும் அறிவித்துவிட்டு நடக்காது, அடையாளம் மட்டும்தான் காட்டும், பார்க்கத் தெரிந்தவளுக்குத் தெரியும் என்பாள். பார்க்கத் தெரிந்தவள் இங்கே நிற்கிறாள். பெரம்பூரில் இரண்டாம் மாடியில் ஒரு சமையல்கட்டில் எந்த நிறமும் இல்லாமல் எந்தப் பொங்கலும் இல்லாமல் ஒரு வாயு காலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம், அதற்கு இருக்கிற ஒரே அடையாளம் வாசனை. அந்த வாயுவுக்குச் சொந்த வாசனைகூடக் கிடையாது. ஆட்கள் சாகாமல் இருக்க வேண்டுமே என்று கம்பெனியில் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும், கதவிடுக்கில் நுழையும், படியிறங்கும். இதெல்லாம் அவளே கரும்பலகையில் எழுதிப்போட்டது.

வீட்டில் கணவர் சந்திரபோஸ் தூங்குகிறார். பத்திரிகை அச்சகத்தில் இரவு ஷிஃப்ட். விடிந்ததும் வருவார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கடியில் உச்சிவேளை நெருங்கும்வரை தூங்குவார், எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நேராகப் போய் டீக்குத் தண்ணீர் வைப்பார். இருபது வருஷப் பழக்கம். இடைவேளை மணி அடித்துவிட்டதா? அடித்து வெகுநேரமாகிவிட்டது. எழுந்திருப்பார். இல்லை, நேற்று தேர்தல் செய்தி அதிகம், அசந்து தூங்குவார். எழுந்தால்தான் என்ன, அவருக்கு மூக்கு இருக்கிறது, கதவைத் திறந்த உடனே நெடி முகத்தில் அடிக்கும், ஜன்னலைத் திறப்பார், திருகை மூடுவார், சாயங்காலம் வந்ததும் திட்டுவார். திட்டட்டும். அவர் திட்டுகிற காட்சி நன்றாக இருந்தது, அவள் அதிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். இப்போது போன் பண்ணலாம். பண்ணி என்ன சொல்வது? அடுப்பை மூடினேனா என்று பாருங்கள் என்றால், ஏன் உனக்கு நாற்றம் வரவில்லையா என்பார். ஓடுகிற அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டு வருஷமாக இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பதில்களைத் தைத்துத் தைத்துத்தான் அவள் உடுத்திக்கொண்டிருக்கிறாள், இன்னொன்று தைப்பதா கஷ்டம். ஆனாலும் போன் கைப்பையில் இருந்தது, கைப்பை அலமாரியில் இருந்தது, வகுப்பில் போன் எடுக்கக்கூடாது என்பது சட்டம். சட்டத்துக்குப் பயந்தவள் மாதிரி அவள் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

அங்கே சல்பைடு உப்பு. பெண்கள் நீர்த்த அமிலம் ஊற்றித் தயாராக இருந்தார்கள். வருகிற வாயு அழுகிய முட்டை மாதிரி நாற வேண்டும், ஈய அசிடேட்டில் நனைத்த தாளைக் காட்டினால் அது கறுக்க வேண்டும். மூக்கு போனதிலிருந்து திலகவதிக்கு அந்தத் தாள்தான் துணை. வாசனையை முகர்ந்து தலையாட்டுவதுபோல் ஆட்டிவிட்டுத் தாளைக் காட்டச் சொல்வாள், கறுத்தால் சரி. இன்றைக்குத் தாள் தீர்ந்துபோய்விட்டது. அந்த வாயு ஒரு பொல்லாத வாயு. கொஞ்சமாக இருந்தால் நாறும். கூடிப்போனால் மூக்கையே மரக்கவைத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக மூச்சை இழுப்பான், அத்தோடு சரி. இதை வகுப்பில் சொல்லும்போது பெண்கள் ஐயோ என்பார்கள். திலகவதி அப்போதெல்லாம் நினைப்பாள், ஒருவேளை நமக்கு வந்தது காய்ச்சலே இல்லையோ, எங்கோ ஏதோ கூடிப்போய்த்தான் உலகம் இப்படி வாசனையில்லாமல் சுத்தமாக இருக்கிறதோ என்று. வாசனை போன பிறகு எல்லாப் பொருளும் ஒரு தினுசாக விலகி நிற்கிறது. சந்திரபோஸின் சட்டையில் முன்பெல்லாம் அச்சு மை வாசனை வரும், கல்யாணமான புதிதில் அதற்காகவே அதை ஒருநாள் தள்ளித் துவைப்பாள். இப்போது பக்கத்தில் வந்து படுக்கிற ஆள் சந்திரபோஸின் முகத்தையும் குரலையும் வைத்துக்கொண்டிருக்கிற யாரோ. ஒருநாள் அவர் தூங்கும்போது கழுத்தோரம் மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சுவர் மாதிரி இருந்தது. பயந்துபோய் விளக்கைப் போட்டு முகத்தைப் பார்த்தாள், அவரேதான். ஆனால் அவர் கண்ணைத் திறக்காமலே, தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி, நீயா என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் அவளுக்குள் கிடக்கிறது.

“வாசனை வருதா?” என்று கேட்டாள் திலகவதி. வருது மிஸ் என்றார்கள் எல்லோரும். என்ன வாசனை என்றாள். அழுகிய முட்டை மிஸ். கடைசியில் நின்ற மெர்சி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போதும் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற பெண், எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்கமாட்டாள். உனக்கு என்றதும், “எனக்கு ஒண்ணும் வரலை மிஸ்,” என்றாள். மற்றவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஜலதோஷமா என்று கேட்டாள் திலகவதி, இல்லை மிஸ், டப்பா பழசு போல, உப்பு துருப்பிடிச்சிருக்கு என்றாள் மெர்சி. திலகவதி வாங்கிப் பார்த்தாள். குழாயில் ஒரு குமிழிகூட இல்லை, உப்பு அடியில் செங்கல்தூள் மாதிரி கிடந்தது. வாயுவே வரவில்லை. வராத வாயுவுக்கு இவர்கள் எப்படி மோப்பம் பிடித்தார்கள்? நோட்டுகளைப் பார்த்தாள். மூன்று கட்டம் போட்டிருந்தார்கள், சோதனை, காண்பன, அறிவன. அமிலத்தைத் தொடும் முன்பே, கைடைப் பார்த்து, பென்சிலால், காண்பன என்ற கட்டத்தில், அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு வெளியேறுகிறது என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லா வருஷமும் நடப்பதுதான், அவளும் படிக்கிற காலத்தில் இப்படித்தான் எழுதினாள், இப்போது இதற்குத்தான் மார்க் போடுகிறாள். கண்டதை எழுதச் சொல்லி ஒரு கட்டம் போட்டால், காண வேண்டியதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் காண்பது.

ஆனாலும் அவளுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தாங்கியிலிருந்து புதுக் குழாய் ஒன்றை எடுத்தாள், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிக் குழாயைத் திறந்து கால்வாசி தண்ணீர் பிடித்தாள், வெறும் மெட்ரோ தண்ணீர், அதைக் கொண்டுவந்து நீட்டினாள். இது புது உப்பு, நல்லா முகர்ந்து சொல்லுங்க என்றாள். முதல் பெண் கையால் காற்றைத் தன் பக்கம் தள்ளி, சொல்லிக்கொடுத்த முறைப்படி, முகர்ந்தாள். வருது மிஸ். இரண்டாவது பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினாள், பயங்கரமா வருது மிஸ். மூன்றாவது பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்திருந்தது ஒருத்திக்கு. எழுதிவிட்டார்கள், அதனால் வருகிறது. மெர்சியிடம் வந்ததும் அவள் முகர்ந்துவிட்டு டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தண்ணி மிஸ்,” என்றாள்.

திலகவதி குழாயை அவள் கையிலேயே விட்டுவிட்டு நகர்ந்தாள். திருகை மூடினேன் என்று இத்தனை நேரம் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, அது அவள் கண்டதா, கைடில் இருப்பதா? பால் பொங்கினால் மூடுவார்கள். ஆகையால் மூடினேன். பென்சிலால் முன்கூட்டியே எழுதி வைத்தது. கண்டது என்ன, கண்டதை மட்டும் சொல் என்று தன்னையே கேட்டாள். துணி, பால், டிபன் மூடி, ஹாரன். திருகு அதில் இல்லை. எத்தனை தடவை போய்த் தேடினாலும் திருகின்மேல் கை இல்லை. சரி, அவருக்கு மூக்கு இருக்கிறது. அது கண்டதா, எழுதியதா? சந்திரபோஸின் மூக்கு பேர்போனது. வேலைக்குக் கிளம்புமுன் சமையல்கட்டு வாசலில் நின்று ஒரு இழுப்பு இழுத்து, ம், கத்தரிக்காய் என்பார். போன வாரமும் சொன்னார். அப்போது தொட்டியில் கத்தரிக்காய்க் காம்பு கிடந்தது. முந்தாநாள் ரசத்துக்குப் பெருங்காயம் தீர்ந்துபோய்ப் போடவில்லை. முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, பெருங்காயம் தூக்குது இன்னிக்கு என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார், ஆனால் அவளைப் பார்த்த பிறகுதான் சிரித்தார். பொங்கலுக்கு வந்த மகள் செருப்பைக் கழற்றுமுன்னே, ஃப்ரிட்ஜ்ல என்னம்மா செத்துக் கிடக்குது, எப்படி இருக்கீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுல என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். திலகவதிக்கு வெட்கத்தில் முகம் சுருங்கியது, இன்னைக்குத்தான் சுத்தம் பண்ண இருந்தேன் என்றாள். காலையிலேர்ந்து எனக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கு என்றார் சந்திரபோஸ். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் மறந்துபோய்க் கிடந்த மீன், அது அழுக ஆரம்பித்து எத்தனை நாளோ. அவளுக்குத் தெரியவில்லை, சரி, அவளுக்கு மூக்கில்லை. மூக்குள்ள ஒரு மனிதர் அத்தனை நாள் அதே ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாரே. காய்ச்சல் அவளுக்கு மட்டும் வரவில்லை. இருவரும் ஒரே அறையில், ஒரே வாரம், ஒரே பாயில் படுத்துக் கிடந்தார்கள். பால் தீய்கிற வாசனை இப்போது தொண்டைவரைக்கும் இறங்கியிருந்தது.

அலமாரியைத் திறந்தாள், போனை எடுத்தாள். பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், திலகவதி மிஸ் சட்டத்தை மீறுவதை அவர்கள் பார்த்ததில்லை. மறுமுனையில் மணி அடித்தது, அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு பொறி என்று ஏனோ நினைத்தாள், அந்த நினைப்பை விரட்டப் பார்த்தாள், போகவில்லை. எடுக்காதே என்று கொஞ்சம் வேண்டிக்கொண்டாள், தூங்கு, எழுந்திருக்காதே, நான் வந்துவிடுகிறேன். எடுத்தார். என்ன திலகா, ஸ்கூல் நேரத்துல என்றார், தெளிவான குரல், தூக்கம் கலைந்து வெகுநேரமான குரல். எழுந்துட்டீங்களா என்று மட்டும் கேட்க முடிந்தது அவளால்.

“கீழ் வீட்டம்மா தட்டி எழுப்பிட்டாங்க. படிக்கட்டுல ஏதோ வாசனை வருதாம், உங்க வீட்லேர்ந்தான்னு கேட்டாங்க. சமையல்கட்டு வரைக்கும் போய் நின்னு பார்த்தேன். ஒண்ணும் இல்ல. எங்க வீட்ல ஒரு வாசனையும் இல்லம்மான்னு அனுப்பிட்டேன். இரு, டீத்தண்ணி வெச்சிட்டுப் பேசறேன்.”

காற்றைவிடக் கனம். படியிறங்கும். ஒரு மூக்கு, உலகத்தில் உண்மையாகவே முகர்கிற ஒரு மூக்கு, மாடியேறி வந்து கதவைத் தட்டிச் சொல்லியிருக்கிறது, அதற்கு அவர் கைடைப் பார்த்துப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் போனில் கேட்டது. அடுப்புமேடைமேல் பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. லைட்டர் ஆணியில் தொங்கும், ஜன்னலுக்கு இடது பக்கம், கையெட்டுகிற தூரம்.

“பத்த வைக்காதீங்க,” என்றாள். ஆய்வகம் முழுக்கத் திரும்பியது. “எனக்கு வாசனை தெரியாதுங்க. அந்தக் காய்ச்சல்லேர்ந்தே தெரியாது. உங்ககிட்ட சொல்லல. காலையில பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுது, திருகை மூடின ஞாபகம் இல்ல. எதையும் தொடாதீங்க, சுவிட்சைத் தொடாதீங்க. லைட்டர் கையில இருந்தா கீழே வெச்சிடுங்க.”

அவள் எதையோ எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள், நாலு மைல் தள்ளி நடப்பது இங்கே அவள் முதுகில் விழப்போகிறது என்பதுபோல. பிறகு ஏதோ ஒரு சாமானை மரப்பலகையில் மிக மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது.

“எனக்கும் தெரியாது திலகா,” என்றார் சந்திரபோஸ். “அந்தக் காய்ச்சல்லேர்ந்து.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிப்போட்டது எல்லாம், பெருங்காயமும் கத்தரிக்காயும் மல்லிகைப்பூவும் எல்லாமும், ஒருவருமே முகராதது. கோபம் வரவில்லை. நீயா என்று அன்றைக்கு இருட்டில் ஏன் கேட்டார் என்று இப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் அழுகை வந்தது, பெண்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லை. முகர வேண்டாம், கண்ணால் பாருங்கள், திருகு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றாள். அவர் குனிகிற சத்தம், மூச்சு, வேட்டி உரசுகிற சத்தம்.

“திறந்துதான் இருக்கு,” என்றார்.

மூடுங்க, சிலிண்டரையும் மூடுங்க, ஜன்னலை மெதுவாத் திறங்க, வாசல் கதவைத் திறந்துவிட்டுக் கீழே போயிடுங்க, அந்தம்மாவையும் கூட்டிக்கிட்டுத் தெருவுக்குப் போங்க, நான் வர்றேன், நான் வர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். ஜன்னல் கொக்கி கழன்றது. காக்கைச் சத்தமும் தெருவில் போகிற வண்டிச் சத்தமும் போனுக்குள் வந்தன. படியில் அவருடைய செருப்பு இறங்கியது, ஒரு கதவு தட்டப்பட்டது, ஒரு பெண்குரல் என்னங்க ஆச்சு என்றது. பால் தீய்ந்த வாசனை இன்னும் போகவில்லை, அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். மெர்சி அந்தத் தண்ணீர்க் குழாயை இன்னும் கையில் வைத்திருந்தாள். மற்றவர்கள் யாரும் டீச்சரை நிமிர்ந்து பார்க்கவில்லை, நோட்டுமேல் குனிந்திருந்தார்கள். ஆய்வகத்தில் ரப்பரால் அழிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.